காலுக்கு வந்த கெட்ட பெயர்

ஊட்டி படகு இல்லத்தில் மிதிபடகு ஏறி இறங்குகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்போடுதான் கரை சேர்கின்றன: மிதித்து மிதித்துத் தொடை வலித்ததுதான் மிச்சம், படகு நகர்ந்தபாடில்லை. அரை மணி நேரம் இரண்டு பேர் விடாமல் மிதித்தும் ஏரியின் நடுவைத் தொட்டுவிட்டுத் திரும்பத்தான் நேரம் சரியாக இருக்கிறது. அதனால் காலால் ஓட்டும் படகு என்றாலே அது குழந்தைகளுக்கான விளையாட்டு, உருப்படியாகப் போய்ச் சேர வேண்டுமென்றால் துடுப்போ மோட்டாரோதான் வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்தத் தீர்ப்பில் குற்றவாளி மாறிப்போய்விட்டார் என்பதே என் வாதம். கால் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. அது கொடுக்கும் ஆற்றலைப் படகின் உருவமும், நீரைத் தள்ளுகிற சக்கரமும் வழியிலேயே தின்றுவிடுகின்றன. அந்த இரண்டையும் மாற்றிவிட்டு அதே காலை உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகின் பல ஏரிகளில் இன்று ஓடும், காலால் மிதிக்கும் ஒல்லிப் படகான பெடல் கயாக்கே சாட்சி.

முதலில் காலின் கணக்கைப் பார்த்துவிடுவோம். அதற்கு ஏரிக்குப் போகத் தேவையில்லை, சேரங்கோட்டுச் சரிவு போதும். நீலகிரியின் மேற்குக் கோடியில், பந்தலூர் வட்டத்தில், கேரள எல்லையை ஒட்டியிருக்கிற தேயிலைப் பகுதி இது. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்களும் இங்கே இருக்கின்றன. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் தொழிலாளி 20 கிலோ பச்சைக் கொழுந்தை மூட்டையாகத் தலையில் சுமந்துகொண்டு, எடை போடும் இடத்துக்கு மேடேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் செங்குத்தாக 60 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறார். 80 கிலோவை 60 மீட்டர் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கணக்கிட்டு, அதை 600 நொடிகளால் வகுத்தால் ஏறத்தாழ 78 வாட் வரும். ஆரோக்கியமான ஒரு மனிதர் நாள் முழுக்க விட்டுவிட்டு உழைக்கையில் தரக்கூடிய ஆற்றலாகப் பொறியியல் நூல்கள் சொல்வதும் சுமார் 75 வாட்தான். தேர்ந்த சைக்கிள் பந்தய வீரர் ஒரு மணி நேரத்துக்கு 300 வாட்டைத் தாண்டுவார். நமக்கு அவ்வளவு தேவையில்லை. கொழுந்துப் பறிப்பில் நாள் முழுக்கக் கை ஓடினாலும் சுமையை மேடேற்றுவது கால்தான் என்பதைத் தோட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். தொடையிலும் பிட்டத்திலும் இருப்பவை உடலின் மிகப் பெரிய தசைகள். கையால் மட்டும் ஒரு பிடியைச் சுழற்றச் சொல்லி ஆய்வகத்தில் அளந்தால், பயிற்சி இல்லாதவரின் உச்ச உழைப்பு காலால் சுழற்றும்போது கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவில்தான் நிற்கிறது.

காலால் நீரை ஆளும் கலை நம் பக்கத்தில் புதிதும் அல்ல. ஏற்றக்கோலின் மேல் முன்னும் பின்னும் நடந்து கிணற்று நீரை மேலே கொண்டுவந்தவர்கள் உடல் எடையையும் கால் வலுவையும்தான் நம்பினார்கள். சேரங்கோட்டிலிருந்து எல்லை தாண்டினால் வரும் கேரளத்தில், குட்டநாட்டு வயல்களில் இருந்த சக்கரம் இன்னும் நெருங்கிய உறவு. பலகை இதழ்கள் பொருத்திய பெரிய மரச் சக்கரத்தை மேலே உட்கார்ந்து காலால் மிதித்துச் சுழற்றி, தேங்கிய நீரை வரப்புக்கு அப்பால் தள்ளினார்கள். சீனாவில் 8ஆம் நூற்றாண்டிலேயே, காலால் மிதிக்கும் சக்கரங்கள் கொண்ட போர்ப் படகுகளை லி காவோ என்ற அரச குடும்பத்தார் செய்ததாக வரலாறு இருக்கிறது. ஊட்டி ஏரியின் மிதிபடகு இந்தச் சக்கரக் குடும்பத்தின் கடைக்குட்டி. அதன் குறையும் இந்தப் பரம்பரையிலிருந்து வந்ததுதான். குட்டநாட்டுச் சக்கரத்துக்கு நீரை நகர்த்துவதே வேலை. படகுக்கோ நீர் எவ்வளவு குறைவாக நகர்கிறதோ அவ்வளவு லாபம். கிணற்றடிக்குப் பொருந்துகிற அறிவை அப்படியே ஏரியில் இறக்கியதால் வந்த வினை இது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. படகு முன்னால் போக வேண்டுமென்றால் நீரைப் பின்னால் தள்ளியாக வேண்டும். கிடைக்கும் உந்துவிசை இரண்டு விஷயங்களின் பெருக்கல்: ஒரு நொடியில் எவ்வளவு நீரைத் தொடுகிறோம், அந்த நீருக்கு எவ்வளவு வேகம் கொடுக்கிறோம். 20 நியூட்டன் உந்துவிசை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 5 கிலோ நீரை 4 மீட்டர் வேகத்தில் பின்னுக்கு எறிந்தும் அதைப் பெறலாம். நொடிக்கு 20 கிலோ நீரை 1 மீட்டர் வேகத்தில் நகர்த்தியும் பெறலாம். விசை ஒன்றுதான், செலவு வேறு. பின்னால் ஓடும் நீர் தன்னோடு எடுத்துச் செல்லும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் வழியில் 40 வாட் வீணாகிறது, இரண்டாவதில் 10 வாட் மட்டும். 75 வாட் கொடுக்கிற ஒரு காலுக்கு இந்த 30 வாட் வித்தியாசம் என்பது சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கைப் பிடித்துக்கொள்வது போல. ஆக, நிறைய நீரை மெல்ல நகர்த்துவதே சிக்கனம், கொஞ்சம் நீரை வேகமாக எறிவது ஊதாரித்தனம். மிதிபடகின் இருக்கைகளுக்கு இடையிலோ பின்பக்கத்திலோ இருக்கும் சின்னச் சக்கரத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒரு சமயத்தில் அதன் ஒன்றிரண்டு இதழ்கள்தான் நீரில் இருக்கும். இறங்குகிற இதழ் நீரை அறைகிறது, ஏறுகிற இதழ் நீரை வாரித் தூக்குகிறது. நேராகப் பின்னோக்கித் தள்ளுவது அடியில் இருக்கும் அந்தக் கணம் மட்டும்தான். சளசளவென்று கேட்கும் சத்தமும், பின்னால் எழும் நுரையும், காலில் தெறிக்கும் திவலையும் எல்லாமே தொடையிலிருந்து போன ஆற்றல்.

சக்கரமா, நீருக்கடியில் சுழலும் விசிறியா என்ற சச்சரவு பெரிய கப்பல்களிலும் நடந்தது. 1845 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை ஒரு சோதனை நடத்தியது. பக்கவாட்டுச் சக்கரங்களால் ஓடும் அலெக்டோ என்ற நீராவிக் கப்பலையும், நீருக்கடியில் சுழலும் விசிறியால் ஓடும் ராட்லர் என்ற கப்பலையும் பின்பக்கமாகக் கயிற்றால் பிணைத்து எதிரெதிரே இழுக்க விட்டார்கள். முழு வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்த அலெக்டோவை ராட்லர் பின்னோக்கியே இழுத்துச் சென்றது. ராட்லரின் இயந்திரம் கூடுதல் வலு கொண்டது என்பதால் அதை நியாயமான போட்டி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கடலில் சக்கரத்தின் காலம் அதற்குப் பிறகு மெல்லத் தேய்ந்தது. முழுதாக மூழ்கிய விசிறியின் எல்லா இதழ்களும் எல்லா நேரமும் வேலை செய்கின்றன. ஓர் அடி விட்டமுள்ள விசிறி, படகு மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம் போகும்போது நொடிக்கு 100 கிலோவுக்கு மேல் நீரைத் தொடுகிறது. 20 நியூட்டன் விசைக்கு அந்த நீரை நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்தினால் போதும். இதழ்களில் நீர் உராயும் இழப்பைச் சேர்த்தாலும், நன்றாக வடித்த பெரிய விசிறி தனக்குக் கொடுத்ததில் 80 விழுக்காட்டுக்கு மேல் உந்துதலாகத் திருப்பித் தரும்.

பெடல் கயாக்குகளில் ஒரு வகை இந்த விசிறியை வைத்துக்கொள்கிறது. சைக்கிளைப் போலவே மிதியைச் சுற்ற வேண்டும். பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியை ஒரு தண்டின் வழியாக நீருக்கடியில் இருக்கும் விசிறிக்குக் கொண்டுபோகும். இன்னொரு வகை இதைவிட அழகானது. 1997இல் அமெரிக்காவின் ஹோபி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த அமைப்பு அது. படகின் அடியில் இரண்டு நெகிழ்வான செட்டைகள் தொங்குகின்றன. ஒரு காலை முன்னே தள்ளினால் ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் வீசும், மறுகாலைத் தள்ளினால் திசை மாறும். பக்கவாட்டில் வீசும் செட்டை எப்படி முன்னோக்கித் தள்ளும் என்ற சந்தேகம் எழுவது இயல்பு. செட்டையின் முன்விளிம்பு விறைப்பான கம்பி, பின்விளிம்பு வளைந்து கொடுக்கும் ரப்பர். வீசும்போது பின்விளிம்பு நீரின் எதிர்ப்பில் பின்தங்கிச் சாய்கிறது, சாய்ந்த அந்தத் தகடு நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அடுத்த வீச்சில் சாய்வு தானாகவே மறுபக்கம் புரள்கிறது. இரு வீச்சிலும் படகுக்குக் கிடைக்கும் உந்துதல் முன்னோக்கியே. பெங்குவின் நீருக்கடியில் பறப்பது இப்படித்தான். சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் முன்கால்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

அந்த நிறுவனத்தின் முழுப் பெயரான ஹோபி கேட் என்பதில் உள்ள ‘கேட்’, கேட்டமரான் என்ற சொல்லின் துண்டு. கேட்டமரான் நம் கட்டுமரம். சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையைக் கண்ட ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியான தன் பயண நூலில் அந்தச் சொல்லை எழுதிவைத்தார். பிற்காலத்தில் இரட்டை உடல் கொண்ட படகுக்கு ஐரோப்பியர் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். பொருள் மாறினாலும் சொல் நம்முடையதுதான். கயாக் வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களின் சொல். எலும்பும் மரமும் சேர்த்துக் கட்டிய சட்டத்தின் மேல் சீல் தோலைப் போர்த்தி, நீண்டு ஒல்லியாக அவர்கள் செய்த வேட்டைப் படகு அது. அந்த ஒல்லியில்தான் வாதத்தின் அடுத்த பகுதி இருக்கிறது.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் போகும் பொருளைத் தடுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் கனத்தோடு ஏறுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு உழைக்க வேண்டும். மிதிபடகில் கணவனும் மனைவியும் சேர்ந்து மிதிக்கும்போது ஒருவர் காலை எடுத்துவிட்டால் வேகம் பாதியாகிவிடும் என்று தோன்றும். ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். உண்மையில் பலரும் கவனிக்காமலே அனுபவிக்கிற விதி இது. வேகத்தை ஏற்ற உழைப்பைக் கூட்டுவது கையாலாகாத வழி, தடையைக் குறைப்பதே வழி. தடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று படகின் தோலை நீர் உரசும் உராய்வு. மற்றது படகு எழுப்புகிற அலை. மெதுவாகப் போகையில் முதல் வகை ஆட்சி செய்கிறது, வேகம் ஏற ஏற இரண்டாவது தலைதூக்குகிறது.

அலையின் கணக்கை ஒழுங்குபடுத்தியவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1867இல் அவர் ஆற்றில் இழுத்துச் சோதித்த இரண்டு மாதிரிப் படகுகளுக்கு அன்னம், அண்டங்காக்கை என்று பொருள்படும் பெயர்கள் இருந்தன. அன்னத்துக்கு மழுங்கிய முகம், காக்கைக்குக் கூரிய முகம். மெதுவான வேகத்தில் காக்கைக்குத் தடை குறைவு, வேகம் கூடியபோது அன்னம் முந்தியது. எல்லா வேகத்துக்கும் சிறந்த ஒரே உருவம் கிடையாது, போகும் வேகத்துக்கு ஏற்ற உருவமே சிறந்தது என்பது அந்தச் சோதனையின் பாடம். 1872இல் அவர் டார்க்கீ நகரில் அமைத்த சோதனைத் தொட்டியிலிருந்துதான் இன்றைய கப்பல் வடிவமைப்புக் கலை கிளைத்தது. படகு தன் அணியத்தில் ஒரு அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடி, ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிறது. அப்போது அணியம் ஒரு முகட்டிலும் பின்பகுதி அடுத்த முகட்டிலும் மாட்டிக்கொள்ள, படகு தான் தோண்டிய பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு மேல் போவது மேடேறுவது போல. இந்த எல்லையை மதிப்பிட எளிய கணக்கு உண்டு: மீட்டரில் நீளத்தின் வர்க்கமூலத்தை நாலரையால் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். இரண்டரை மீட்டர் மிதிபடகுக்கு அது 7, நாலு மீட்டர் கயாக்குக்கு 9. அகலமாகவும் மழுங்கலாகவும் இருக்கும் மிதிபடகு அந்த 7ஐ நெருங்குவதற்கு வெகு முன்பே தொப்பென்று நீரை முன்னால் குவிக்கத் தொடங்கிவிடும். அன்னக் கழுத்து வைத்த படகில் ஏறினால் அதன் மார்புக்கு முன்னால் மேடாக எழும் நீரை நேரில் பார்க்கலாம். கயாக்கின் அகலம் முக்கால் மீட்டர் சொச்சம். அது நீரைக் குவிக்காமல் வகிர்ந்துகொண்டு போகிறது. கொழுந்து சுமந்து மேடேறிய அந்த 78 வாட், ஒல்லியான நாலு மீட்டர் கயாக்கை மணிக்கு 5 முதல் 6 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோகத் தாராளமாகப் போதும்.

இப்படிப்பட்ட படகில் முதன்முதலாக ஏறுகிறவருக்கு என்ன மாறியிருக்கும்? சாய்மானமுள்ள இருக்கையில் கால் நீட்டி உட்கார்கிறார். முதுகு பின்னால் அழுந்தினால்தான் கால் முன்னால் தள்ள முடியும் என்பதால் இருக்கையின் சாய்மானமே பாதி இயந்திரம். முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி மிதியின் தூரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். கிட்டக்க வைத்தால் முட்டி வலிக்கும், எட்ட வைத்தால் இடுப்பு ஆடும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் துடுப்பால் தள்ளிப்போய், ஆழம் வந்த பிறகு செட்டையையோ விசிறியையோ இறக்க வேண்டும். முதல் சில மிதிகளில் சைக்கிள் பழக்கத்தில் வேகவேகமாகச் சுழற்றத் தோன்றும். அது வீண். நீரின் பிடி காலுக்குத் தெரியும்படி நிதானமாக, ஒரே தாளத்தில் மிதித்தால் படகு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும், மிதிப்பதை நிறுத்திய பிறகும் வெகுதூரம் போகும். ஒரு கை பக்கத்திலிருக்கும் சுக்கான் பிடியில், மறு கை சும்மா. இந்தச் சும்மா இருக்கும் கைக்காகத்தான் மீன் பிடிப்பவர்களும் பறவை கணக்கெடுப்பவர்களும் இதைத் தேடி வாங்குகிறார்கள். மலையில் ஒரு சங்கதி கூடுதலாக உண்டு. 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு, சமவெளியிலிருந்து வந்தவருக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். நீரோ அங்கேயும் அதே அடர்த்தி. குளிர்ந்த நீர் கொஞ்சம் கூடுதல் பிசுக்குள்ளது என்பதால், 30 டிகிரி நீரோடு ஒப்பிட்டால் 15 டிகிரி நீரில் உராய்வு ஏழெட்டு விழுக்காடு ஏறும். மிதிபடகுக்குக் கிடைத்த கெட்ட பெயரில் மலைக்கும் சிறு பங்கு இருக்கிறது.

கால் தொலைதூரத்துக்கு உதவாது என்பவர்களுக்குச் சாதனைகளே பதில் சொல்லும். ஸ்டீவ் ஸ்மித், ஜேசன் லூயிஸ் என்ற இரு பிரிட்டிஷ் இளைஞர்கள் மிதியால் சுழலும் விசிறி பொருத்திய, 8 மீட்டர் நீளமுள்ள படகில் 1994இல் போர்ச்சுக்கலிலிருந்து புறப்பட்டு 111 நாளில் அட்லாண்டிக்கைத் தாண்டி மயாமியை அடைந்தார்கள். படகின் பெயர் மோக்ஷா. லூயிஸ் பயணத்தைத் தொடர்ந்து, பசிபிக்கையும் அதே படகில் கடந்து, மனித வலுவை மட்டுமே நம்பி உலகைச் சுற்றி 2007இல் முடித்தார். வேகத்துக்கு இன்னொரு சான்று: அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழுவினர் உருவாக்கிய டெகாவிட்டேட்டர் என்ற படகு 1991இல் சார்லஸ் ஆற்றில் 100 மீட்டரை 18.5 நாட், அதாவது மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. மிதித்தவர் அதை வடிவமைத்த மார்க் டிரேலாவே. நீருக்கடியில் இருந்த சிறகுகள் படகையே நீருக்கு மேலே தூக்கிவிட்டதால், உடலின் உராய்வும் அலையும் சேர்ந்தே ஒழிந்தன. தடையைக் குறைத்தால் கால் எதுவரை போகும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

எதிர்வாதங்கள் இருக்கின்றன, சில வலுவானவை. ஒலிம்பிக் கயாக் வீரர்கள் துடுப்பால் 1000 மீட்டரை மூன்றரை நிமிடத்துக்குள் கடக்கிறார்களே, கை எப்படித் தாழ்ந்ததாகும் என்று கேட்கலாம். தாழ்ந்தது என்று நானும் சொல்லவில்லை. நல்ல துடுப்பாளி கையால் மட்டும் துடுப்பு போடுவதில்லை, இடுப்பைத் திருகி, காலால் உதைத்து, முதுகு முழுவதையும் துடுப்பில் இறக்குகிறார். அது வருடக்கணக்கில் வரும் வித்தை. ஏரிக்கு ஆண்டில் ஒருமுறை வருகிறவர் துடுப்பைப் பிடித்தால் கால் மணி நேரத்தில் தோள் இறங்கிவிடும். அவருக்கும் நடக்கத் தெரியும், அந்த வித்தையே பெடல் கயாக்குக்குப் போதும். தேர்ந்தவர்களிடையே வித்தியாசம் மெலிது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2008இல் கனடாவைச் சேர்ந்த கிரெக் கோலோஜெய்சிக் தன் மிதிபடகில் 24 மணி நேரத்தில் 245 கிலோமீட்டர் போனபோது, அதற்கு முன் துடுப்பால் எட்டப்பட்டிருந்த தூரத்தைச் சற்றுதான் தாண்டினார்.

இரண்டாவது எதிர்வாதம் நம் ஏரிகளுக்கே உரியது. ஆகாயத்தாமரையும் நீர்ப்பாசியும் மண்டிய இடத்தில் அடியில் சுழலும் எதுவும் சிக்கிக்கொள்ளும். துடுப்பை வெளியே எடுத்துவிடலாம், விசிறியை எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. மேலாகச் சுழலும் பழைய சக்கரத்துக்கு இந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு பலம் உண்டு, கரையோரத்து ஆழமில்லாத நீரிலும் அது ஓடும். செட்டை வகை, களையில் மாட்டினால் மிதியை ஒருபக்கம் தள்ளிச் செட்டைகளைப் படகின் அடியோடு ஒட்ட மடித்துக்கொள்ளலாம் என்பதால் இடைப்பட்ட தீர்வு. ஆனால் அதன் தொடக்ககால அமைப்பில் பின்னோக்கி ஓட்ட வழியே கிடையாது, பிறகுதான் அது சேர்க்கப்பட்டது. பற்சக்கரம், தாங்கி, கம்பி என்று நகரும் பாகங்கள் கூடினால் பழுதும் கூடும். அதனால் பெடல் கயாக்கில் போகிறவர் துடுப்பு ஒன்றைக் கட்டி எடுத்துப்போவதுதான் முறை. நீர் தெளிவாக இல்லாத ஏரியில் இந்தப் படகு தோற்றால், அந்தத் தோல்வியை ஏரியைப் பராமரிக்காத நம் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது, படகு இல்லத்தை நடத்துகிறவர்களின் கேள்வி. நீச்சல் தெரியாத ஆயிரக்கணக்கானோர் ஏறும் இடத்தில் ஒல்லிப் படகு கவிழ்ந்தால் யார் பொறுப்பு? மிதிபடகு அகலமாக இருப்பதற்குக் காரணமே இதுதான், அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். மலை ஏரியின் குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் நீந்தத் தெரிந்தவருக்கும் மூச்சு திணறும். ஆனால் நிலைப்புக்கு அகலம்தான் ஒரே வழி என்பதை மட்டும் ஏற்க முடியாது. மேல்தட்டில் உட்காரும் வகைக் கயாக்கில் உட்கூடு மூடியிருப்பதால் நீர் புகுந்து மூழ்காது, இருக்கையைத் தாழ்வாக வைத்தால் ஆட்டமும் குறையும். அதைவிட நல்ல விடை கட்டுமரம் என்று உலகம் பெயர் சூட்டிய அந்த இரட்டை உடல். தனித்தனியாக ஒல்லியான இரண்டு உடல்களை விலக்கி வைத்து மேலே தளம் போட்டால், உடல் ஒவ்வொன்றும் நீரை வகிரும், இரண்டும் சேர்ந்து கவிழாமல் காக்கும். நடுவில் பெரிய விசிறி ஒன்றை மெதுவாகச் சுழல விட்டால், தாத்தாவும் பேத்தியும் ஏறினாலும் ஏரியைச் சுற்றி வந்துவிடலாம். விலை இன்னொரு தடை. வெளிநாட்டுப் பெடல் கயாக் ஒன்றை இங்கே இறக்கினால் லட்சங்களில் வந்து நிற்கும். இதில் உள்ள பொறியியல் மட்டும் எட்டாத தூரத்தில் இல்லை. ஃபைபர் கண்ணாடியில் படகு செய்கிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், மிதியும் சங்கிலியும் சைக்கிள் கடையில் கிடைக்கின்றன, சங்கிலியையே கால்வட்டம் திருகி விசிறித் தண்டைச் சுழற்றும் எளிய அமைப்பைப் பல நாட்டு ஆர்வலர்கள் வீட்டுக் கொல்லையில் செய்திருக்கிறார்கள்.

சேரங்கோட்டில் படகு விட ஏரி கிடையாது. அங்கிருந்து கூடலூர் வழியாக மலையேறினால் முதலில் வருவது பைக்காரா, அதற்கப்புறம் ஊட்டி. பைக்காரா அணை நீரில் இன்று மோட்டார் படகுகளும் வேகப் படகுகளும் சத்தமிட்டுக்கொண்டு ஓடுகின்றன. கரையில் சோலையும் அதில் பறவைகளும் இருக்கிற ஓர் இடத்துக்கு அந்தச் சத்தம் தேவையா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் 1824ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய ஊட்டி ஏரியோ பேருந்து நிலையத்துக்கும் குதிரைப் பந்தயத் திடலுக்கும் இடம் கொடுத்துச் சுருங்கி, இப்போது 65 ஏக்கர் அளவில் நிற்கிறது. இவ்வளவு சிறிய நீர்ப்பரப்பைச் சுற்றிவர எஞ்சின் எதற்கு? இந்த இரண்டு ஏரிகளிலும் இரட்டை உடல் கொண்ட மிதிபடகு ஒன்றையும், பெடல் கயாக் இரண்டையும் பரீட்சார்த்தமாகவேனும் இறக்கிப் பார்க்கும்படி சுற்றுலாத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். பந்தலூர், கூடலூர்ப் பள்ளிகளின் இயற்பியல் ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகும்போது ஒரு நிறுத்தக் கடிகாரத்தை எடுத்துச் செல்லுங்கள். லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டியபின், மிதிபடகில் இரண்டு பேர் மிதித்து ஒரு தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தையும், ஒருவர் மட்டும் மிதித்து அதே தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தையும் அவர்களையே அளந்து குறித்துவரச் சொல்லுங்கள்.